பழைய ‘சாங்சுவரி’யைத் தேடிப் பிடித்துப் படிப்பது எப்படி?

ஜப்பானியப் படக்கதையான மாங்கா என்றதும் பள்ளிச் சீருடை, பெரிய கண்கள், மாயசக்திச் சண்டை என்று நினைப்பவர்களின் கையில் நான் முதலில் கொடுக்க விரும்புவது ‘சாங்சுவரி’யைத்தான். சட்டமன்றத்துக்கும் அடியாள் கூட்டத்துக்கும் இடையிலுள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை இத்தனை அழுத்தமாக வரைந்து காட்டிய வேறு படக்கதையை நான் படித்ததில்லை. ஆனால் இதைப் படிப்பது அவ்வளவு சுலபமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தொடர் இது. ஆங்கிலப் பதிப்பு நெடுங்காலம் அச்சில் இல்லாமல் கிடந்தது. தேடத் தொடங்குபவர்கள் தவறான பொருளை வாங்குகிறார்கள். அல்லது சரியான பொருளை வாங்கியும், அந்த நாளைய ஜப்பான் அரசியல் புரியாமல் பாதியில் மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டும் நடக்கக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

எழுதியவர் ஷோ ஃபுமிமுரா, வரைந்தவர் ரியோய்ச்சி இகேகாமி. ஷோகாக்குகான் நிறுவனத்தின் ‘பிக் காமிக் சுப்பீரியர்’ இதழில் 1990 முதல் 1995 வரை தொடராக வந்து, ஜப்பானிய மொழியில் 12 தொகுதிகளாக நூலானது. இந்த விவரங்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம், ‘சாங்சுவரி’ என்ற பெயரில் ஏராளமான படைப்புகள் இருக்கின்றன. 2023ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த சுமோ மல்யுத்தத் தொடருக்கும் இதே பெயர். இந்த மாங்காவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முதல் பக்கம் முழுக்க அந்த மல்யுத்த வீரர்களே வந்து நிற்பார்கள். எப்போதும் ஓவியர் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

எழுத்தாளர் பெயரிலும் ஒரு முடிச்சு உண்டு. ஷோ ஃபுமிமுரா என்பதும் புரோன்சன் என்பதும் ஒரே மனிதரின் புனைபெயர்கள். இயற்பெயர் யோஷியுகி ஒகாமுரா. ஜப்பானிய வான்படையில் ரேடார் பராமரிப்புப் பணியில் இருந்தவர். புரோன்சன் என்ற பெயரில் இவர் கதை எழுதிய ‘ஃபிஸ்ட் ஆஃப் தி நார்த் ஸ்டார்’ உலகப் புகழ் பெற்றது. ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சனிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. சில விற்பனைப் பட்டியல்களில் ஒரு பெயர் இருக்கும், சிலவற்றில் மற்றொன்று. இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிப் பிரதிகள் கண்ணில் படாமலே போய்விடும்.

இகேகாமியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1944ல் ஃபுகுயி மாகாணத்தில் பிறந்தவர். பேய்க்கதை மேதை ஷிகேரு மிசுகியிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர். 1970ல் ஜப்பானுக்கென்று ஒரு ஸ்பைடர்மேனை வரைந்திருக்கிறார். சிறுவர் கார்ட்டூன் பாணியிலிருந்து விலகி, பெரியவர்களுக்காக யதார்த்தமாக வரையும் ‘கெகிகா’ மரபில் வந்தவர். ஒரு முடிக்கற்றையைக்கூட விடாமல் வரையும் கை அவருடையது. 2023ல் பிரான்சின் அங்கூலேம் படக்கதை விழா அவருக்குச் சிறப்பு விருது அளித்தது.

இரண்டாம் படி: எந்த மொழி, எந்தப் பதிப்பு?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆங்கிலத்தில் விஸ் நிறுவனம் 1990களில் இதை வெளியிட்டது. முதலில் மெல்லிய மாத இதழ்களாக, பிறகு 9 தொகுதிகளாக. ஜப்பானிய மூலம் 12, ஆங்கிலம் 9. கதை ஒன்றுதான், பக்கங்களைப் பிரித்துக் கட்டிய விதம் வேறு. ஆகவே ஆங்கிலத்தின் ஐந்தாம் தொகுதி ஜப்பானியத்தின் ஐந்தாம் தொகுதி அல்ல. விட்டுப்போன தொகுதிக்கு வேறு மொழிப் பிரதியை வைத்து இட்டு நிரப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாத இதழ்களின் எண்ணும் தொகுதிகளின் எண்ணும்கூடப் பொருந்தாது. விலை மலிவாக ‘முதல் பாகம், மூன்றாம் எண்’ என்று ஏதாவது கிடைத்தால், அது பெரும்பாலும் அந்த மெல்லிய இதழ்தான். ஒரு முழு நூல் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் மற்றொன்றையும் செய்யுங்கள். பழைய நூல்கள் திடீரென்று மறுபதிப்பு காண்பதும் மின்னூலாக வருவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பதிப்பகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பழைய பிரதிக்குப் பணம் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

இப்போது நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்பும் விஷயம். 1990களின் ஆங்கிலப் பதிப்பில் பக்கங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி அச்சிடப்பட்டிருக்கின்றன. ஜப்பானியர்கள் வலமிருந்து இடமாகப் படிப்பதால், அன்றைய அமெரிக்க வாசகர்களுக்காகப் படத்தையே இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். சாதாரணக் கதையில் இது பெரிதாக உறுத்தாது. ஜப்பானிய நிழலுலகக் கும்பலான யாகுசாவின் கதையில் உறுத்தும். கிமோனோ உடுத்தும்போது அணிபவரின் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் படிய வேண்டும். மாறி உடுத்துவது பிணத்துக்கு மட்டும். திருப்பி அச்சிட்ட பக்கத்தில் மரியாதைக்குரிய தலைவர்கள் எல்லோரும் சவத்துக்கு உடுத்தியதுபோல் அமர்ந்திருப்பார்கள். தவறு செய்த யாகுசா பொதுவாக இடக்கைச் சுண்டுவிரலைத்தான் முதலில் வெட்டிக் கொடுப்பான். திருப்பிய படத்தில் அது வலக்கையாகிவிடும். காரின் ஓட்டுநர் இருக்கையும் பக்கம் மாறும். முதல்முறை படித்தபோது இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, துப்பாக்கி எந்தக் கையில் இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் மனத்துக்குள் படத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: ஜப்பானிய மொழி கொஞ்சமாவது கற்றுக்கொண்டிருப்பவர்கள் மூலத்தையே வாங்குங்கள். பெரியவர்களுக்கான இதழ் என்பதால் ‘காஞ்சி’ என்ற சித்திர எழுத்துகளுக்குப் பக்கத்தில் உச்சரிப்பு உதவி எல்லா இடத்திலும் கிடைக்காது. அகராதியோடு உட்கார வேண்டியிருக்கும். மற்றவர்கள் ஆங்கிலத்திலேயே படியுங்கள், கை மாறியிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

ஆங்கிலப் பிரதிக்கு உலகளாவிய பழைய புத்தகத் தளங்கள்தான் வழி. ஒவ்வொரு நூலுக்கும் தனியாக உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொண்டு தேடினால் தவறான தொகுதி வந்து சேராது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் உலக நூலகங்களின் பட்டியலான வேர்ல்ட்கேட் தளத்தில் பார்த்தால் அருகிலுள்ள எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நூலகங்களுக்கு இடையேயான இரவல் மூலம் செலவில்லாமல் படித்துவிட முடியும்.

ஜப்பானியப் பிரதி இதைவிட எளிதாகக் கிடைக்கும். அதுவும் மலிவாக. தோக்கியோவின் நகானோ பிராட்வே வணிக வளாகத்தில் 1980ல் தொடங்கிய மாந்தராகே என்ற கடை, பழைய மாங்காவுக்கென்றே இருக்கிறது. தொடங்கியவரே ஒரு மாங்கா ஓவியர். வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். 1990ல் தொடங்கிய புக் ஆஃப் கடைகள் ஜப்பான் முழுக்க உண்டு. நேரில் போகிறவர்கள் ஜிம்போச்சோ பழைய புத்தகத் தெருவையும் விடாதீர்கள்.

தேடும்போது பெயரை ஜப்பானிய எழுத்தில் போட வேண்டும். விக்கிப்பீடியாவின் ஜப்பானியப் பக்கத்திலிருந்து தலைப்பையும் இருவர் பெயரையும் நகலெடுத்து ஒட்டுங்கள். பட்டியலில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ‘சென்கான்’ என்றால் முழுத் தொகுதிகளும் சேர்ந்தது. ‘பரா’ என்றால் உதிரி. ‘யாகே’ என்பது வெயிலாலும் காலத்தாலும் தாள் பழுப்பேறியது. ‘ஷிமி’ என்பது கறை. ‘ரெந்தாரு ஓச்சி’ என்று இருந்தால் வாடகைக் கடையிலிருந்து கழித்துவிட்டது; அட்டையில் முத்திரையும் ஒட்டுத்தாளும் இருக்கும், உள்ளே படிக்கத் தடையில்லை. ‘ஒபி’ என்பது அட்டையின் கீழ்ப்பகுதியைச் சுற்றி வரும் காகிதப் பட்டை. சேகரிப்பவர்களுக்குத்தான் அது முக்கியம். படிப்பதற்காக வாங்குபவர்கள் ‘யாகே’ இருக்கும் முழுத் தொகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சில கடைகள் ஜப்பானுக்குள் மட்டுமே அனுப்பும். அங்கே ஒரு முகவர் சேவை வாங்கி வைத்து, நமக்குத் திருப்பி அனுப்பும். அப்படியானால் செலவு மூன்று: புத்தக விலை, உள்நாட்டு அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல். ஒரு தொகுதி ஏறத்தாழ கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் 12 தொகுதிகள் மூன்று கிலோவை நெருங்கும். புத்தகத்தைவிட அஞ்சல் செலவு கூடுதலாக வருவது சாதாரணம். சுங்க வரியும் சேரலாம். முழுக்கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

ஜப்பானுக்குப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று: கியோட்டோ சர்வதேச மாங்கா அருங்காட்சியகம் 2006ல் ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. சுவர் நெடுக ஏறத்தாழ ஐம்பதாயிரம் தொகுதிகள். எடுத்துக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்து படிக்கலாம்.

நான்காம் படி: பொட்டலம் வந்ததும் செய்ய வேண்டியது

என் முதல் ஆங்கிலத் தொகுப்பு வந்த நாளை மறக்க முடியாது. ஒன்பது புத்தகங்கள். முதுகுப் பக்கம் எண்ணை எண்ணிப் பார்க்காமல் படிக்க உட்கார்ந்தேன். ஆறாம் தொகுதியை முடித்து அடுத்ததை எடுத்தால் அதுவும் ஆறு. ஏழு இல்லவே இல்லை. விற்றவரிடம் புகார் செய்யும் காலக்கெடு அதற்குள் முடிந்துபோயிருந்தது. கதை உச்சத்துக்கு ஏறும் இடத்தில் நான்கு மாதம் காத்திருந்து ஏழாம் தொகுதியைத் தனியாக வாங்கினேன். அதனால் சொல்கிறேன்: பிரித்த உடனே எல்லாத் தொகுதிகளையும் வரிசையாக அடுக்கி எண்ணுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வேகமாகப் புரட்டி, பக்கம் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பானியப் பிரதியில் கடைசிப் பக்கத்தில் ‘ஒகுசுகே’ என்ற பதிப்பு விவரம் இருக்கும். அச்சிட்ட ஆண்டும் எத்தனையாவது அச்சு என்பதும் அதில் தெரியும். பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஹெய்செய் ஆண்டுக் கணக்கில் இருந்தால் ஹெய்செய் 2 என்பது 1990, ஹெய்செய் 7 என்பது 1995. முதல் அச்சுக்குக் கூடுதல் விலை கொடுத்திருந்தால் இதைப் பார்த்துச் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: படிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஜப்பான்

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஹோஜோ அகிரா, அசாமி சியாகி இருவரும் சிறுவயதில் கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் ஆட்சியின் கொலைக்களத்திலிருந்து தப்பியவர்கள். பிணங்களுக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினால், எல்லாம் இருந்தும் உயிர்ப்பில்லாத முகங்களோடு ஜப்பான் அவர்களை எதிர்கொள்கிறது. இந்த நாட்டை மாற்றுவது என்று முடிவெடுக்கிறார்கள். ஒருவர் வெளிச்சத்தின் வழியாக, ஒருவர் இருளின் வழியாக. யார் எந்த வழி? கல், காகிதம், கத்தரிக்கோல் என்று குழந்தைகள் விளையாடும் ஜங்கென் போட்டு முடிவு செய்கிறார்கள். அசாமி அரசியலுக்குள் போகிறார், ஹோஜோ யாகுசாவுக்குள். இரு வாழ்க்கைகள் ஒரு கைவீச்சில் பிரிந்துபோகும் அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சற்று நிறுத்திவிடுகிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டே விளையாடினாலும், தோற்றாலும் வென்றாலும் இரண்டுமே சாவுக்குத் துணிந்த வழிதான்.

இந்தக் கதையின் எதிரி ஒரு கும்பல் அல்ல, முதுமை. பதவியை விடாத முதியவர்களின் ஆட்சி. ஆளும்கட்சிப் பொதுச்செயலாளராக வரும் இசாவோக்கா என்ற பாத்திரம் அதன் முழு உருவம். இது மிகை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சி 1955 முதல் 1993 வரை தொடர்ந்து 38 ஆண்டுகள் ஆட்சியில் இருந்தது. கியிச்சி மியாசாவா 1991ல் பிரதமரானபோது அவருக்கு வயது 72. அவருக்குப் பின்னால் நின்று ஆட்டிவைத்தவர் என்று பேசப்பட்ட ஷின் கனேமாரு 1914ல் பிறந்தவர்.

அந்தக் கனேமாருவின் கதையைத் தெரிந்துகொண்டால் ‘சாங்சுவரி’யின் பாதி புரிந்துவிடும். சாகாவா கியூபின் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து 50 கோடி யென் வாங்கியதை அவர் 1992ல் ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் விதித்த அபராதம் 2 லட்சம் யென். மக்கள் கொதித்துப் போனார்கள். ஒருவர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பெயர்ப்பலகை மீது மஞ்சள் பெயின்ட்டை வீசினார். கனேமாரு எம்.பி. பதவியைத் துறந்தார். 1993 மார்ச்சில் வரி ஏய்ப்பு வழக்கில் கைதானபோது சோதனையில் தங்கக் கட்டிகள் அகப்பட்டன. அதே விவகாரத்தில் இன்னொன்றும் வெளிவந்தது: 1987ல் நொபோரு தகேஷிதா பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டபோது, ஒரு தீவிர வலதுசாரிக் குழு ஒலிபெருக்கி வண்டிகளில் அவரை அளவுக்குமீறிப் புகழ்ந்தே அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்த தோக்கியோ சாகாவா கியூபின் நிறுவனத்தின் தலைவர் மூலம் இனாகாவா காய் என்ற யாகுசா அமைப்பின் தலைவரிடம் உதவி கேட்கப்பட்டது. பிரதமராகப் போகிறவருக்காக யாகுசா தலைவர் தலையிடுகிறார்! இகேகாமியும் ஃபுமிமுராவும் இதழுக்காக வரைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் செய்தித்தாள்கள் இதை அச்சிட்டுக்கொண்டிருந்தன. 1992 மார்ச்சில் வன்முறைக் கும்பல்களுக்கு எதிரான புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1993 ஆகஸ்டில் 38 ஆண்டு ஆட்சி கவிழ்ந்து, 55 வயது மொரிஹிரோ ஹொசோகாவா பிரதமரானார்.

சில சொற்கள். ‘நகாதாச்சோ’ என்பது நாடாளுமன்றம் இருக்கும் பகுதி. அரசியல் உலகத்துக்கே அந்தப் பெயர். ‘ஹபாத்சு’ என்பது கட்சிக்குள் இருக்கும் கோஷ்டி. ‘ரியோத்தெய்’ என்பது அழைப்பில்லாமல் நுழைய முடியாத உயர்தர உணவகம். பேரங்கள் முடிவாகும் இடம். ‘ஓயாபுன்’ யாகுசா தலைவர், ‘கோபுன்’ அவருக்குப் பிள்ளைபோல் கட்டுப்பட்டவர். ‘சகாசுகி’ என்ற மதுக்கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டால் அந்த உறவு உறுதியாகிவிடும். மதுக்கிண்ணம் வரும் படங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். தேர்தலில் வெல்ல மூன்று ‘பான்’ வேண்டும் என்பார்கள்: ஜிபான் என்ற தொகுதிச் செல்வாக்கு, கான்பான் என்ற பெயர், கபான் என்ற பணப்பை. இம்மூன்றையும் தந்தையிடமிருந்து பெறாத ஓர் இளைஞன் எப்படி உள்ளே நுழைவது என்பதுதான் அசாமியின் பகுதி.

ஆறாம் படி: படிக்கும் முறை

முதல் தொகுதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு தொகுதிகள் வரை பெயர்கள் குழப்பும். ஒரு சின்னக் காகிதத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அரசியல்வாதிகள், மறுபக்கம் யாகுசாக்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். நடுவில் கோடு போட்டு, தோக்கியோவின் ரொப்போங்கி காவல் நிலையத்தின் துணைத் தலைவர் கியோகோ இஷிஹாராவை அந்தக் கோட்டின் மேலேயே எழுதுங்கள். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது ஒரு தனிக்கதை.

வசனம் இல்லாத பக்கங்களில் நிதானியுங்கள். இகேகாமி அதிகாரத்தைக் கண்ணில்தான் வரைவார். இரண்டு பேர் ஒரு மேசையின் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சியில் யார் முதலில் பார்வையைத் தாழ்த்துகிறார் என்று கவனித்தால், அடுத்த அத்தியாயத்தில் யார் வீழ்வார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இது வயது வந்தவர்களுக்கான நூல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கொலையும் சித்திரவதையும் மட்டுமல்ல, பாலியல் வன்முறையும் வருகிறது. பெண் பாத்திரங்களை இந்தக் கதை நடத்தும் விதம் எனக்கு உடன்பாடில்லை. கூர்மையான அதிகாரியாக அறிமுகமாகும் கியோகோகூட அதற்குரிய இடத்தைப் பெறவில்லை. இளைஞர்கள் நாட்டைக் கைப்பற்ற வேண்டும் என்று சொல்லும் கதை, கைப்பற்றிய பின் என்ன செய்வார்கள் என்பதில் தெளிவாக இல்லை. யாகுசாவை அது அழகுபடுத்துகிறது என்பதும் உண்மை. இவ்வளவையும் தெரிந்தேதான் பரிந்துரைக்கிறேன். நட்பும் அதிகாரமும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வியை இவ்வளவு பிடிவாதமாகத் துரத்திய கதைகள் குறைவு. நூலை வீட்டில் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

1995ல் திரைப்படமும் 1996ல் அனிமேஷனும் வந்தன. நூலை முடிக்கும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

முடித்த பிறகு

ஹோஜோவின் உலகம் பிடித்திருந்தால் அதே இருவர் 1999 முதல் 2004 வரை செய்த ‘ஹீட்’. அசாமியின் உலகம் பிடித்திருந்தால் கென்ஷி ஹிரோகானே 1991 முதல் 1998 வரை எழுதி வரைந்த ‘காஜி ரியூசுகே நோ கி’: அலுவலக ஊழியர் ஒருவர் தந்தை இறந்ததும் அவருடைய தொகுதியில் நிற்கிறார். மூன்று ‘பான்’களும் கையில் இருப்பவனின் கதை அது, அசாமிக்கு நேர் எதிர். அரசியல் மட்டும் போதும், துப்பாக்கி வேண்டாம் என்பவர்கள் கைஜி கவாகுச்சியின் ‘ஈகிள்’ நூலைத் தேடலாம். ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் கதை; ஆங்கிலத்தில் 5 தடித்த தொகுதிகளாக வந்தது. அதையும் பழைய புத்தகச் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கும். பொட்டலம் வந்ததும் முதலில் முதுகு எண்களை எண்ணிவிடுங்கள்.